ஒரு கிதார், ஒரு குரல்: வேலூர்ப் பக்கம் இந்தப் பைத்தியம் வேறு யாருக்காவது உண்டா?

பாலாற்றுமணல்:

வணக்கம். இருப்பது காட்பாடி, ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், வயது 43. பாட்டுக்காரனும் இல்லை, சங்கீதம் படித்தவனும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாகாயத்தில் எங்கள் மாமா வீட்டு மாடியில் ஒரு வெளிநாட்டுக்காரர் ஆறு மாதம் குடியிருந்தார், ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வந்தவர். காலி செய்யும்போது ஒரு அட்டைப்பெட்டியை விட்டுவிட்டுப் போனார். உள்ளே கொசுவலை, இரண்டு எவர்சில்வர் டம்ளர், நாலைந்து கேசட். நான் அப்போது ப்ளஸ் டூ. கேசட் மேல் பேனாக் கிறுக்கல்தான், யார் பாடியது என்று ஒன்றும் இல்லை. போட்டால் ஒரு ஆள், ஒரு கிதார், அவ்வளவுதான். தபேலா இல்லை, வயலின் இல்லை, கோரஸ் இல்லை. மூச்சு இழுப்பது கேட்கிறது, கம்பி மேல் விரல் நகரும்போது வரும் கிறீச் கூட கேட்கிறது, பாடுகிறவர் எதிரில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. இங்கிலீஷ் பாதி புரியவில்லை, ஆனாலும் அந்த லீவு முழுக்க அதையே தேயத் தேயக் கேட்டேன்.

அது நிக் டிரேக் என்ற இங்கிலாந்துப் பாடகர் என்று பல வருடம் கழித்து இன்டர்நெட் வந்த பிறகுதான் தெரிந்தது. 1972ல் வந்த அவருடைய மூன்றாவது, கடைசி ஆல்பம், மொத்தமே 28 நிமிடம். இரண்டு ராத்திரியில் பதிவு செய்ததாம், ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோ, மீதி முழுக்க குரலும் கிதாரும். 1974ல் 26 வயதில் இறந்துவிட்டார், இருந்தவரை அவர் ரெக்கார்டுகளைச் சீந்துவாரில்லை. அங்கிருந்து வுடி கத்ரி, ஜோன் பயஸ், ஜோனி மிச்சல், லியனார்ட் கோஹன் என்று கிதாரோடு பாடுகிறவர்கள் பக்கம் ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

போன வருடம் ஒரு கிதார் வாங்கினேன். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் வாங்கி, தெரிந்த பிறகு பீரோ மேல் வைத்து, மேலே தகரக் கூரை என்பதால் சித்திரை வெயிலில் பிரிட்ஜ் (கம்பிகளைக் கட்டுகிற கட்டை) பெயர்ந்து நிற்கிறது. வாங்கிய கடையில் கேட்டால் பெவிகால் போட்டு ஒட்டச் சொல்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நானே தமிழில் ஒரு பாட்டுக் கட்ட வேண்டும் என்று ஆசை. நாலு வரி எழுதி மெட்டுப் போட்டால் இரண்டாவது வரியிலேயே ஏதோ ஒரு சினிமாப் பாட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது, உள்ளே இருந்து பெண்டாட்டி அடுத்த வரியைச் சரியாகப் பாடுகிறாள். சினிமாவைத் தள்ளிவிட்டு அந்த வெள்ளைக்காரர்கள் பாணியில் முயற்சி செய்தால் ஞாயிறு பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி ஆகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறதா? அப்புறம், வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் இந்த மாதிரி கேட்கிற ஆள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தனியாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கட்டைவிரல்:

சத்துவாச்சாரியில் இருந்து ஒரு ஆள் ஆஜர்.

முதலில் கிதாரைக் காப்பாற்றுங்கள். வேலூர் மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது தகரக் கூரைக்கு அடியில் பசை இளகும், கம்பியின் இழுவை பிரிட்ஜைத் தூக்கிவிடும். கம்பிகளைத் தளர்த்தி, கீழ்த் தளத்தில், ஜன்னல் இல்லாத சுவர்ப் பக்கம் பையோடு வையுங்கள். பெவிகாலை நீங்களே ஊற்றாதீர்கள். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, மரம் மரத்தோடு ஒட்டும்படி கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விடத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். நான் அவசரப்பட்டு வேறொரு ஊரில் கொடுத்து, அவர் அரை அங்குலம் தள்ளி ஒட்டி, அதற்குப் பிறகு அந்தக் கிதாரில் எந்தச் சுரமும் சரியாக நிற்கவே இல்லை. இப்போது அது சுவரில் மாட்டிய படம்.

மெட்டைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், எனக்குத் தெரிந்தது கை. கார்டு (பல சுரங்களை ஒரே அடியில் சேர்த்து ஒலிப்பது) அடித்துக்கொண்டு பாடுவதை ஒரு மாதம் நிறுத்துங்கள். வலது கைக் கட்டைவிரல் மட்டும் தடித்த கம்பிகளில் இரண்டு இரண்டாக மாறி மாறிப் போகணும், டும்-டக் டும்-டக் என்று, மாட்டு வண்டி மாதிரி. மாடு எதற்கும் நிற்காது. வண்டியில் இருக்கிறவர் பேசலாம், பாடலாம், தூங்கலாம். அது பழகின பிறகு மற்ற இரண்டு விரல் மேல் கம்பிகளில் என்ன செய்தாலும் பாட்டாகத்தான் கேட்கும்.

எலிசபெத் காட்டன் என்ற அம்மாவைக் கேட்டிருக்கிறீர்களா? இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்குக் கம்பி கட்டிய கிதாரையே திருப்பிப் பிடித்து வாசித்தார், அதனால் அவருக்குத் தடித்த கம்பியில் விரல்கள், மெல்லிய கம்பியில் கட்டைவிரல், எல்லாம் தலைகீழ். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு ரயில் பாட்டுக் கட்டினவர், பிறகு பல வருடம் கிதாரைத் தொடவே இல்லை, பாடகர் பீட் சீகர் குடும்பத்து வீட்டில் வேலைக்குப் போன இடத்தில் மாட்டியிருந்த கிதாரை எடுத்து வாசிக்கப்போய்த்தான் வெளியே தெரிந்தார். முதல் ஆல்பம் 1958ல், அறுபது தாண்டி. உங்களுக்கு 43தானே.

ஜோனி மிச்சலுக்கும் ஒன்பது வயதில் போலியோ, இடது கை பலவீனம். விரலை நெருக்கிப் பிடிக்கிற கார்டுகள் சிரமமாக இருந்ததால் கம்பிகளையே வேறு வேறு சுருதிக்கு மாற்றி வைத்துக்கொண்டார். இன்றைக்கு அந்தச் சுருதிகளை நாம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்துக் கொண்டிருக்கிறோம்.

மத்தளக்காரன்பேரன்:

நீங்கள் சொல்கிற பேரெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணே, மகள் இந்தப் பக்கத்தைக் காட்டினாள், அதனால் எழுதுகிறேன். எங்கள் தாத்தா கூத்துக்கு மத்தளம். செய்யாறு, கலவை, ஆரணி வட்டாரம் முழுக்கச் சுற்றினவர்.

ஒரு குரல் என்று சொன்னீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். அர்ச்சுனன் தபசு பார்த்திருப்பீர்கள், இல்லை என்றால் வருகிற பங்குனி, சித்திரையில் எந்தத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். நீளமான பனைமரத்தை நட்டுப் படி கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே ஆர்மோனியம், முகவீணை, மத்தளம், தாளம் எல்லாம் இருக்கும், ஆனால் அவர் பாதிக்கு மேல் ஏறின பிறகு இதெல்லாம் அடங்கிவிடும், மேலே இருந்து குரல் மட்டும் வரும். பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் ஈரச் சேலையோடு கீழே மடியேந்தி நிற்பார்கள், உச்சியில் இருந்து அவர் எலுமிச்சம்பழம், விபூதி எல்லாம் போடுவார். மைக் இல்லாத காலத்தில் அந்தக் குரல் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும் என்று தாத்தா சொல்வார். தாத்தா கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், அது வேறு.

இன்னொன்று. மெட்டுக்கு ஏன் இவ்வளவு அலைகிறீர்கள்? வாத்தியார் நோட்டில் பாட்டுக்கு மேலே ‘இன்ன பாட்டு மெட்டு’ என்று ஒரு வரி எழுதியிருக்கும், அவ்வளவுதான். மெட்டு ஏற்கெனவே ஊருக்குத் தெரியும், வார்த்தைதான் புதுசு. கூத்துக் கோமாளி கட்டியங்காரன் வந்தால் அன்றைக்கு ஊரில் தண்ணீர் வரவில்லை, ரேஷனில் பாமாயில் போடவில்லை என்பதெல்லாம் அந்தப் பழைய மெட்டிலேயே பாட்டாகிவிடும். மெட்டு எங்கே கிடைத்தது என்று அவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ரேழி:

பேரன் சொன்னது சத்தியம், அதையே அந்தப் பக்கத்துக் கதையில் இருந்து சொல்கிறேன்.

வுடி கத்ரி 1940ல் எழுதிய ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாட்டை அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பாடுகிறார்கள். அந்த மெட்டு கத்ரியுடையது இல்லை, கார்ட்டர் குடும்பத்தார் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழு பாடிய ஒரு பக்திப் பாட்டில் இருந்து எடுத்தது. ரேடியோவில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு தேசபக்திப் பாட்டின் மேல் எரிச்சலாகி, தெரிந்த மெட்டை எடுத்துத் தன் வார்த்தையைப் போட்டுவிட்டார். பாப் டிலன் 1962ல் எழுதிய ‘புளோயிங் இன் த விண்ட்’ பாட்டுக்கும் அடிமைகள் காலத்துப் பாட்டு ஒன்றுதான் வேர், அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஆட்களைத் தானாகப் பாட்டுக் கட்டுகிற பாடகர்கள் என்று நாம் கொண்டாடுகிறோம், ஆனால் பாதிப் பாட்டுக்கு மெட்டு முப்பாட்டன் வீட்டுச் சொத்து.

நம்மிடமும் இது அச்சிலேயே இருந்தது. குஜிலிப் புத்தகம் கேள்விப்பட்டிருப்பீர்கள், சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். வெள்ளம், ரயில் விபத்து, கொள்ளை, எது நடந்தாலும் சுடச்சுடப் பாட்டு வந்துவிடும், தலைப்புக்குக் கீழே ‘என்ற வர்ண மெட்டு’ என்று போட்டிருக்கும். அதில் எனக்குப் பிடித்தது கொலைச்சிந்து. சந்தையிலும் ரயில் பெட்டியிலும் பாடிக் காட்டியே விற்பார்கள், கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை நீட்டுவார்கள்.

அமெரிக்காவில் டாம் டூலா என்ற ஆளை ஒரு பெண்ணைக் கொன்ற வழக்கில் 1868ல் வட கரோலினாவில் தூக்கில் போட்டார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பாட்டாக்கிப் பாடிக்கொண்டே இருந்தார்கள், தொண்ணூறு வருடம் கழித்து 1958ல் மூன்று பேர் கொண்ட ஒரு குழு ரெக்கார்டு போட்டு நாடு முழுக்க முதலிடத்துக்கு வந்தது. பிறகு கிதாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பிள்ளையார் சுழி அதுதான். அதைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது வாலாஜா சந்தையில் சின்ன வயதில் பார்த்த ஒரு கிழவர்தான். டேப்பு என்கிற தோல் கருவி ஒன்றைத் தட்டிக்கொண்டு ஒரு கொலையைப் பாடுவார். மூன்றாவது கத்திக்குத்தில் நிறுத்திவிடுவார், நாலாவது என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அப்பா காசு கொடுக்கவில்லை.

ஊசிமிளகாய்:

எல்லோரும் இனிப்பாகவே பேசுகிறீர்கள், கொஞ்சம் காரம் போடுகிறேன்.

மேலே வந்த கார்ட்டர் குடும்பத்துப் பெரியவர் ஏ.பி. கார்ட்டர், வர்ஜீனியா மலைப்பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேர்த்தார். கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார்காரர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மண்டையில் ஏற்றிக்கொண்டு வருவார். ரெக்கார்டில் யார் பெயர் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1965ல் லண்டனில் மார்ட்டின் கார்த்தி என்ற பாடகரிடம் ஒரு பழைய இங்கிலாந்துப் பாட்டின் அமைப்பைக் கற்றுக்கொண்டு போனார், ஆல்பத்தில் கார்த்தி பெயர் இல்லை, அந்தக் கசப்பு பல வருடம் இருந்தது. 2000ல் இருவரும் ஒரே மேடையில் அதைப் பாடினார்கள், அதுவரைக்கும் முப்பத்தைந்து வருடம்.

நம் ஊரில் ரெக்கார்டு இல்லை, யூட்யூப். நாளைக்கு ஏதோ ஒரு காலனியில் ஒரு அம்மா பாடிய ஒப்பாரியை எடுத்து, நீங்கள் கிதாரோடு பாடி, உங்கள் பெயரில் போட்டுவிடுவீர்கள். அந்த அம்மாவிடம் கேட்டீர்களா, பெயர் போட்டீர்களா, ஒரு பத்து ரூபாய் வந்தால் அவருக்குப் போகுமா?

இரண்டாவது, தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் பெயர் பாலாற்றுமணல். தோல் கழிவு வழக்கில் வேலூருக்காக உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996ல். இத்தனை வருடத்தில் அந்த ஆற்றைப் பற்றி உங்களிடம் இருந்து ஒரு பாட்டு வரவில்லையே? கத்ரி இருந்தால் இந்நேரம் நாலு கட்டியிருப்பார். சினிமா மெட்டு வந்து உட்காருகிறது என்கிறீர்கள், எதைப் பற்றி எழுதினீர்கள் என்று சொல்லவே இல்லையே. மழை, ஜன்னல், காபி, அவள், அதுதானே?

பாலாற்றுமணல்:

மழையும் ஜன்னலும்தான். காபி இல்லை, டீ.

காரத்துக்கு நன்றி, உண்மையாகவே சொல்கிறேன். கொஞ்ச நாள் கொடுங்கள்.

பாலாற்றுமணல்:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கிதார் பிரிட்ஜ் ஒட்டி வந்துவிட்டது, கட்டைவிரல் சொன்னபடி கிளாம்ப் போட்டு. கட்டைவிரல் மாடும் ஒரு மாதிரி நடக்கிறது, சில நாள் வயலுக்குள் இறங்கிவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போனேன், ஆற்காட்டுக்கு அந்தப் பக்கம் கலவை போகிற வழி. 81 வயது. சின்ன வயதில் அவர் ஏற்றம் இறைத்தவர் என்று தெரியும், பாடினவர் என்று தெரியாது. ஏற்றப் பாட்டு பாடுங்கள் என்றேன். “இன்னாத்துக்குடா அது இப்போ” என்றார். கிதாரைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

திண்ணையில் உட்கார்ந்து ஆரம்பித்தார், இரண்டு வரியில் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றது. பிறகு எழுந்து, திண்ணை ஓரத்தில் முன்னே நாலடி, பின்னே நாலடி என்று நடக்க ஆரம்பித்தார், ஏற்றத்தின் துலா மரத்து மேல் நடக்கிற மாதிரி. பாட்டு தானாக வந்தது. அது எண்ணிக்கை பாட்டு. எத்தனை சால் (ஏற்றத்தில் தண்ணீர் மொள்ளுகிற பாத்திரம்) இறைத்தோம் என்பதற்குக் கணக்கே அந்தப் பாட்டுத்தான், ஒவ்வொரு சாலுக்கும் ஒரு வரி, வரியிலேயே எண் இருக்கும். ஒன்றில் ஆரம்பித்து நூறு வரை போகுமாம். பெரியப்பாவுக்கு நாற்பத்தாறில் வரி மறந்துவிட்டது. நின்று, திரும்பி, முப்பத்தொன்பதில் இருந்து எடுத்துப் பார்த்தார், அப்போதும் நாற்பத்தாறைத் தாண்ட முடியவில்லை. போனில் பதிவு செய்தேன், பக்கத்து நிலத்து மோட்டார் சத்தமும் சேர்ந்து பதிவாகிவிட்டது.

ஊசிமிளகாய் சொன்னதை ஞாபகம் வைத்து, இந்த மெட்டில் நான் ஒரு பாட்டுக் கட்டலாமா, உங்கள் பெயரைப் போடுகிறேன் என்று கேட்டேன். “எம் பேரு எதுக்கு, எங்க நைனா பாடினது, அவருக்கு யார் சொல்லிக் குடுத்தாங்களோ” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிலை மடித்துக்கொண்டே, “போடறதுன்னா ரெண்டு பேர் பேரும் போடு, சால் புடிச்ச சின்னானையும் சேத்துக்கோ, அவன்தான் நல்லாப் பாடுவான்” என்றார். சின்னான் இறந்து இருபது வருடம் ஆகிறது. அவர் மகன் அதே ஊரில்தான் இருக்கிறார், போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது சிக்கல் என்னவென்றால், வீட்டுக்கு வந்து ஜி, சி, டி கார்டு போட்டுப் பாடினால் பாலர் வகுப்புப் பாட்டு ஆகிவிடுகிறது. பெரியப்பா குரலில் இருந்த அந்தக் கனம் எங்கோ போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

கட்டைவிரல்:

கார்டுதான் குற்றவாளி. ஜி மேஜர் என்று பிடித்தவுடன் அதில் இருக்கிற அந்தரக் காந்தாரம் (பெரிய க), இது சந்தோஷமான பாட்டு என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. உங்கள் பெரியப்பா அந்தச் சுரத்தை எங்கே பிடிக்கிறார் என்று பதிவை மெதுவாக ஓட்டிக் கேட்டால், அது இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும், கிதாரில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.

டேட்காட் சுருதி போடுங்கள். ஆறாவது கம்பி ஈ-யில் இருந்து டி-க்கு இறக்கம், இரண்டாவது பி-யில் இருந்து ஏ-க்கு, முதல் கம்பி ஈ-யில் இருந்து டி-க்கு, மற்ற மூன்றையும் தொடாதீர்கள். டி, ஏ, டி, ஜி, ஏ, டி. இதில் காந்தாரமே இல்லை, சுருதிப் பெட்டி மாதிரி ச-வும் ப-வும் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு ம கூடவே. அறுபதுகளில் இங்கிலாந்தில் டேவி கிரஹாம் என்ற கிதார்காரர் இந்தச் சுருதியைப் பரப்பியதே மொரோக்கோ சங்கீதத்தோடு வாசிக்கத் தோதாக இருந்ததால்தான். கட்டைவிரலை அடி டி-யில் விட்டுவிடுங்கள், காந்தாரத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும்.

மத்தளக்காரன்பேரன்:

அண்ணே, நடந்துகொண்டே பாடிப் பாருங்கள். பெரியவருக்கு உட்கார்ந்தால் வரவில்லை என்கிறீர்கள், உங்களுக்கு மட்டும் எப்படி வரும்?

பாலாற்றுமணல்:

இரண்டும் செய்தேன். மொட்டை மாடியில் கிதாரை மாட்டிக்கொண்டு முன்னே நாலடி, பின்னே நாலடி. எதிர்வீட்டுக்காரர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தார்.

வந்துவிட்டது. மெட்டு அப்படியே பெரியப்பாவுடையது, எண்ணிக்கையும் அப்படியே. சாலுக்குப் பதில் லாரி.

ஒண்ணாம் லாரி போகையிலே ஊரே தூங்குது
ரெண்டாம் லாரி போகையிலே நாயி கொலைக்குது
மூணாம் லாரி போகையிலே ஆத்துல பள்ளம்
நாலாம் லாரி போகையிலே பள்ளத்துல நெலா

இப்போது பத்தொன்பதாவது லாரியில் நிற்கிறேன். பெண்டாட்டி உள்ளே இருந்து எந்த வரியும் பாடவில்லை, இருபதாவது என்ன என்று மட்டும் கேட்டாள்.

ஊசிமிளகாய், கம்பெனி இன்னும் வரவில்லை. வரும். நாற்பதைத் தாண்டின பிறகு கொண்டுவரலாம் என்று இருக்கிறேன், அதற்குள் தைரியமும் கொஞ்சம் சேரட்டும்.

ஊசிமிளகாய்:

நாற்பத்தாறில் நிறுத்திவிடாதீர்கள். எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலாம் லாரி நன்றாக இருக்கிறது, மூணாம் லாரியில் ஒரு அசை குறைகிறது.

ரேழி:

குறையட்டும், பள்ளம்தானே. ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு வேலூர்க் கோட்டைப் பூங்காவில் நான் இருப்பேன், அகழிப் பக்கத்துப் புல்தரை. கட்டைவிரல், நீங்கள் கிதார் கொண்டு வருகிறீர்களா?

கட்டைவிரல்:

சுவரில் மாட்டியது இல்லை, நல்லதைக் கொண்டு வருகிறேன். பேரன், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தாத்தா மத்தளம் இன்னும் வீட்டில் இருந்தால் அதுவும்.

மத்தளக்காரன்பேரன்:

மத்தளம் இருக்கிறது, தோல் தளர்ந்து கிடக்கிறது. தாளம் கொண்டு வருகிறேன்.

பாலாற்றுமணல்:

நான் ஐந்து மணிக்கு வந்துவிடுவேன், காட்பாடிப் பாலத்தில் மாட்டிக்கொண்டால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். யாரிடமாவது உபரியாக இரண்டாவது கம்பி ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள். சுருதியை ஏற்றி இறக்கியதில் என்னுடையது நேற்று அறுந்துவிட்டது.